பழைய பூவேலையை வீட்டில் மறுபடி புழங்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டி பூப்போட்ட மேசை விரிப்பு, அத்தை பின்னிய குரோஷா வட்டம், அம்மா பாதியில் விட்ட கிராஸ் ஸ்டிட்ச். இப்படி ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இதை என்ன பண்றது?" என்று கேட்பவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பாரத்தைப் புதுத்துணிதான் தாங்க வேண்டும், பழையது அதன் மேல் சும்மா கிடக்க வேண்டும். அடுத்தது, இன்று நாம் செய்வதை நாளை இன்னொருவர் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும்.

1. பெட்டியில இருந்து இப்பதான் எடுத்தேன். மஞ்சளா இருக்கு. முதல்ல துவைச்சிடலாமா?

வேண்டாம், முதலில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணி மேல் விரித்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு துணியின் அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த துணி அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். கோடு நெடுக ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடம் இனி எந்த இழுப்பையும் தாங்காது.

அடுத்து, ஓர ஹெம்மிங்கின் உள்ளிருந்து தளர்ந்த இழை ஒன்றை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல பருத்தி இழை கொஞ்சம் எதிர்த்துவிட்டுத்தான் அறும். தொட்டதும் பொட்டென்று போனால் துணி முழுவதும் அந்த நிலையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் துவைக்கவும் வேண்டாம், குஷனாக்கவும் வேண்டாம், சட்டமிடுவது மட்டுமே வழி. தூசியை எடுக்க, துணி மேல் ஒரு நைலான் வலையை விரித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து வலைக்கு மேலாக உறிஞ்சினால் போதும்.

2. இது பருத்தியா பட்டான்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உள்மடிப்பிலிருந்து 2 செ.மீ. இழை ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்து, ஓர் உலோகத் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் பொடிப்பொடியான சாம்பல்நிறச் சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது லினன். தலைமுடி கருகும் வாசனை வந்து, கறுப்பாகச் சுருண்டு, விரலில் நசுக்கினால் பொடியானால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. துணிக்கும் பூ நூலுக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை.

ஒரு பொறி இதில் உண்டு. பட்டு போலப் பளபளக்கும், ஆனால் காகிதம் போல எரியும் நூல் ரேயான். பழைய பூவேலைகளில் இது நிறைய வரும். நனைந்தால் ரேயான் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஈரமாக இருக்கும்போது அதைத் தேய்த்தாலோ பிழிந்தாலோ பூவிதழ்கள் அப்படியே கையோடு வந்துவிடும்.

3. சாயம் போகுமான்னு நனைக்காமலே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். துணியின் பின்பக்கத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக, நனைத்த வெள்ளைப் பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். பிறகு சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் இன்னொரு முறை. வெறும் தண்ணீரில் நிற்கும் சாயம் சோப்பில் போவது சகஜம் என்பதால் இரண்டாவது சோதனையை விடாதீர்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு, கரும்பச்சை இவற்றில் எதுவும் துணி முழுக்க ஒரே நிறமாகத் தெரிந்தாலும் வெவ்வேறு நூல்கண்டுகளிலிருந்து வந்திருக்கலாம், நாலைந்து இடத்தில் பாருங்கள். ஒரு நிறம் ஒட்டினாலும் அந்தத் துணியை நனைக்கக் கூடாது.

உப்பு போட்டால் சாயம் நிற்கும், வினிகர் போட்டால் நிற்கும் என்பதை நம்பி நனைத்துக் கெட்டவை ஏராளம். சாயமிட்டு முடிந்த பருத்தி நூலில் இவை இரண்டுமே சாயத்தைப் பிடித்து வைக்காது.

4. சோதனையில சாயம் ஒட்டல, துணியும் பலமா இருக்கு. எப்படித் துவைக்கணும்?

அகலமான டப், ஒரு பெரிய வெள்ளைத் துணி அல்லது பிளாஸ்டிக் வலை, காரமில்லாத திரவ சோப்பு, நிறையத் தண்ணீர். இவ்வளவுதான் தேவை. வலையை டப்புக்குள் விரித்து அதன்மேல் பூவேலையைப் பரப்புங்கள். நனைந்த துணி பல மடங்கு கனக்கும். வெறும் கையால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தன் கனத்திலேயே கிழியும், எப்போதும் வலையோடுதான் தூக்க வேண்டும்.

முதலில் சோப்பில்லாத குளிர்ந்த நீரில் அரை மணி நேரம். தண்ணீர் வெளிர் மஞ்சளாக மாறும். அது வருஷக்கணக்கில் நார்ச்சிதைவால் உண்டான அமிலக் கழிவு, வெளியே வருவது நல்லது. தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் வருவது குறையும் வரை இப்படியே விடுங்கள். அதன்பின் 10 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சோப்பு கலந்து 20 நிமிடம். உள்ளங்கையால் மேலிருந்து மெல்ல அழுத்தி அழுத்தி விடலாம், கசக்கவோ தேய்க்கவோ பிழியவோ கூடாது. நாலைந்து முறை அலசி, நுரையும் வழுவழுப்பும் போனபின், கடைசி அலசலுக்கு மட்டுமாவது காய்ச்சி வடித்த நீர் பயன்படுத்துங்கள். குழாய் நீரில் இரும்புச்சத்து இருந்தால் அதுவே பிறகு பழுப்புப் புள்ளியாகும். ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்து, நிழலில், சமதளத்தில், பூ மேலே தெரியும்படி காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கோணிப்போகும்.

5. துவைச்சும் பழுப்புப் புள்ளி போகல. பிளீச் போடலாமா?

குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். பட்டையும் கம்பளியையும் அது கரைத்தே விடும், பருத்தியை உள்ளுக்குள் அரிக்கும். அந்தப் புள்ளி துருவாக இருந்தால் இன்னும் மோசமாகும், குளோரின் பட்டதும் துருக்கறை அழுந்திப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பருத்தியில் வெள்ளை நூல் வேலை, துணியும் பலமாக இருக்கிறது என்றால் மட்டும் சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் தூள்) பார்க்கலாம். 40 டிகிரி வெதுவெதுப்பான 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி, பிளாஸ்டிக் பாத்திரத்தில், இரண்டு முதல் நாலு மணி நேரம், மணிக்கொருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு 4-இல் சொன்னதைவிட இரு மடங்கு அலசல். பட்டு, கம்பளி, ஜரிகை, நிற நூல் எதிலும் இதை முயல வேண்டாம்.

எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் துரு மங்கும் என்பது உண்மை. ஆனால் அமிலம் பட்ட இடம் பலவீனமாகி, ஒரு வருஷம் கழித்து புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். மறைப்பதற்காகத் தேநீரில் முக்கி மொத்தத்தையும் பழுப்பாக்குவதும் அப்படித்தான், அதிலுள்ள டானின் நாரை அரிக்கும். போகாத புள்ளியைப் போகாமலே விடுங்கள். அது துணியின் வயது.

6. ஐயோ, நனைச்சிட்டேன், சிவப்பு பரவிடுச்சு! இப்ப என்ன செய்ய?

காயவிடாதீர்கள். பரவிய சாயம் காய்ந்தால்தான் நிலைக்கும். ஈரமாக இருக்கும்போதே மிக அதிகமான குளிர்ந்த நீரில், சிறிது சோப்போடு, துணி தண்ணீரில் மிதக்கிற அளவுக்குப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். தண்ணீர் நிறமில்லாமல் நிற்க சில மணி நேரம் ஆகலாம். நிறத்தை உறிஞ்சும் தாள்கள் கிடைத்தால் கூடவே போடலாம். கடைசியில் துண்டுகளுக்கு நடுவே ஒற்றி, மின்விசிறிக் காற்றில் வேகமாகக் காயவையுங்கள்.

7. இஸ்திரி போடலாமா? பூ தட்டையாயிடுமே?

அழுக்குத் துணியில் போடவே கூடாது, சூடு கறையை நிலைக்க வைக்கும். சுத்தமானதை, தடித்த துண்டின் மேல் பூ கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து, மேலே ஒரு மெல்லிய ஈரத்துணி போட்டு, பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். முடிச்சுத் தையலும் சாட்டின் தையலும் துண்டுக்குள் அமிழ்ந்து உருவம் கெடாமல் இருக்கும்.

8. எதைச் சட்டம் போடணும், எதைப் புழக்கத்துக்கு விடணும்?

1-ஆம் பதிலில் சொன்ன இழுப்புச் சோதனைதான் தீர்மானிக்கும். இழை பலமாக இருக்கும் பருத்தி, லினன், குரோஷா ஆகியவை குஷன், மேசை ரன்னர், படுக்கை விரிப்பின் நடுப்பகுதி என்று கையும் உடம்பும் படும் இடத்துக்குப் போகலாம். இற்ற துணி, பட்டு, ஜரிகை, மணி வேலை, ரேயான் நூல் இவையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் நிற்பவற்றைக் கண்ணாடி மேசைப் பலகைக்கு அடியில் வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். துணி கண்ணாடியை ஒட்டியிருந்தால் உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை வரும், இடைவெளி விட முடியாவிட்டால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

9. ஃப்ரேம் கடையில கொடுத்தா போதாதா? நாமளே செய்யணுமா?

கடையில் கொடுக்கலாம், ஆனால் அட்டையையும் பொருத்துவதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். பழைய சட்டங்களைப் பிரித்தால் அடிக்கடி காண்பது இது: பூவேலையின் பின்பக்கத்தில் வரிவரியாகப் பழுப்புக் கோடுகள். அட்டைப்பெட்டியின் மடிப்பு வரிகள் அப்படியே துணியில் பதிந்திருக்கும். சாதாரண அட்டையிலும் ஹார்ட்போர்டிலும் உள்ள அமிலம் செய்யும் வேலை அது. அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள்.

போர்டின் மேல் துவைத்துச் சுருங்கிய வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துப் போர்த்துங்கள். பூவேலையைச் சுற்றி 5 செ.மீ. வெறும் துணி இருந்தால் அதை போர்டின் பின்பக்கம் மடித்துவிடலாம். நாலு பக்கத்திலும் நடுவில் ஒரு துருப்பிடிக்காத குண்டூசி, அங்கிருந்து மூலைகளை நோக்கி 1 செ.மீ.க்கு ஒன்றாக, நெசவு நேராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே குத்துங்கள். பிறகு பின்பக்கத்தில் கெட்டியான பருத்தி நூலால் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று காலணி நாடா கோப்பது போலக் கோத்து, அடுத்து இடம் வலமாக ஒருமுறை கோத்து, குண்டூசிகளை எடுத்துவிடலாம். விறைப்பாக நின்றால் போதும், மத்தளம் போல இழுத்தால் பூவைச் சுற்றித் துணி சுருங்கும்.

ஓரத்துணி இல்லாவிட்டால் மடிக்கவே வேண்டாம். போர்த்திய பருத்தித் துணியின் மேல் பூவேலையை வைத்து, விளிம்பைச் சுற்றிச் சிறு சிறு ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துங்கள். கண்ணாடிக்கும் துணிக்கும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி, முடிச்சுத் தையலோ மணியோ இருந்தால் 6 மி.மீ.க்கு மேல். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் சிறு ஃபெல்ட் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

10. எம்பிராய்டரி வளையத்தோடவே மாட்டினா அழகா இருக்கே?

அழகுதான், புதிய வேலைக்கு. பழையதற்குச் சில வாரங்களுக்கு மேல் வேண்டாம். மரவளையத்தின் அமிலம் வட்டமாகப் பழுப்பேற்றும், திருகு துருப்பிடிக்கும், கண்ணாடி இல்லாததால் தூசி நேராக நூலில் படியும். தோற்றம் அதுவே வேண்டுமென்றால், 9-இல் சொன்னபடி வட்டமாக வெட்டிய போர்டில் தைத்து, வளையத்தை வெளிச்சட்டமாக மட்டும் வையுங்கள்.

11. தைக்க வராது. ஃபேப்ரிக் க்ளூ, ஃபியூசிங் எதாவது போட்டு ஒட்டிடலாமா?

கூடாது. பசை நாளடைவில் மஞ்சளாகி விறைத்து, அது இருந்த இடத்தில் துணி மடங்காமல் முறியும். பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டும் ஃபியூசிங்கும் பசைதான், எடுக்கவே முடியாது. செலோடேப்பின் கதையும் அதுவே. ஓட்டுத் தையல் மட்டும் தெரிந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள முக்கால்வாசி வேலையைச் செய்யலாம். அதுவும் வராதென்றால் தையல் தெரிந்தவரிடம் கொடுத்து, "பசை வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

12. பழைய தலையணை உறையில பூ இருக்கு. அதை 40 செ.மீ. குஷனா மாத்த அளவு சொல்லுங்க.

எல்லாப் புதுத்துணியையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே அது சுருங்கி, பழைய பூவை இழுத்துச் சுருக்கும். முன்பக்கத்துக்கு 43 x 43 செ.மீ. அளவில் பழைய துணி, அதே அளவில் மெல்லிய மல்மல் லைனிங். இரண்டையும் சேர்த்து வைத்து, விளிம்பைச் சுற்றியும் பூக்களுக்கு நடுவிலும் கையால் ஓட்டித் தைத்து ஒரே துணி போல ஆக்குங்கள். இனி இழுப்பு முழுவதும் லைனிங்கில்தான் விழும்.

பின்பக்கத்துக்கு 43 x 30 செ.மீ. துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நீளவிளிம்பை 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. மடித்துத் தைத்தால் 27 செ.மீ. ஆகும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் 11 செ.மீ. படியும், ஜிப் தேவையில்லை. சுற்றிலும் 1.5 செ.மீ. விட்டுத் தையுங்கள். புதுக் குஷனுக்கு உள்தலையணையை உறையைவிடப் பெரிதாகப் போட்டுப் புடைக்க வைப்பார்கள். இங்கே அதே 40 செ.மீ. போதும், சற்றுத் தளர்வாக இருந்தாலும் நல்லது. பழைய துணி போதவில்லையென்றால், பூவுள்ள பகுதியைப் புதுத்துணியின் நடுவில் வைத்துச் சுற்றித் தைத்துவிடலாம்.

13. குரோஷா வட்டங்கள் இருபது இருக்கு. ஒண்ணு ரெண்டுல கண்ணி விட்டிருக்கு. இதையெல்லாம் என்ன பண்ணலாம்?

கண்ணி விட்ட இடத்தில் உடனே ஓர் ஊக்கை மாட்டுங்கள். குரோஷா ஒரே நூலில் பின்னியது, விட்ட கண்ணி பக்கத்துக் கண்ணியையும் இழுத்துக்கொண்டு ஓடும். பிறகு அதே தடிமனுள்ள நூலால், அறுந்த இரு முனைகளையும் சேர்த்து, கண்ணியின் வழியைப் பின்பற்றி ஊசியால் கோத்துவிடுங்கள். இதே காரணத்தால் குரோஷாவை ஒருபோதும் கத்தரிக்கக் கூடாது.

துவைத்தபின் உருவம் கொண்டுவர, ஒரு தாளில் கவராயத்தால் வட்டங்கள் வரைந்து, தெர்மோகோல் மேல் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஈரமான குரோஷாவை நடுவிலிருந்து வெளியே ஒவ்வொரு வளைவாகத் துருப்பிடிக்காத குண்டூசியால் நிறுத்திக் காயவிடுங்கள். ஒவ்வொரு முனையும் வரைந்த கோட்டைத் தொட வேண்டும். இருபதையும் 35 செ.மீ. அகலப் பருத்திப் பட்டை மேல் நெருக்கமாக அடுக்கித் தைத்தால் நீண்ட ரன்னர் ஆகும். வெளிவிளிம்பை மட்டும் தைத்தால் நடுப்பகுதி தொய்ந்து, ஏதாவது மாட்டி இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆறு முதல் எட்டு இடத்தில் ஒரு சிறு தையல் போடுங்கள். அடர்நிறப் பட்டையில் பின்னல் எடுப்பாகத் தெரியும், ஆனால் அந்தப் பட்டைக்கும் 3-ஆம் பதிலில் சொன்ன சாயச் சோதனை கட்டாயம்.

14. லேம்ப் ஷேடுக்கு மேல போர்த்தலாமா?

குரோஷாவைப் போர்த்தலாம், எல்.இ.டி. விளக்காக இருந்தால் மட்டும். பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும், அதற்கு மேல் வைத்த நூல் வறுபட்டு முறியும். ஏற்கெனவே துணி போர்த்திய ஷேடின் மேல் மேலோட்டமாகத் தைத்து நிறுத்துங்கள். நிற நூல் வேலைக்கு இந்த இடம் வேண்டாம், வெளுத்துவிடும்.

15. துணி கிழிஞ்சிருக்கு, சில இடத்துல பூ நூலும் போயிடுச்சு. ரெண்டையும் சரிபண்ண முடியுமா?

கிழிசலுக்கு அடியில், அதைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிய மெல்லிய பருத்தித் துணியை வைத்து, நல்ல துணியிலிருந்து ஆரம்பித்துக் கிழிசலைக் கடந்து மறுபக்க நல்ல துணியில் முடியும்படி நீளத் தையல் போடுங்கள். அந்த நீள நூலைக் குறுக்கே 5 மி.மீ.க்கு ஒரு சிறு தையலால் அழுத்தி நிறுத்துங்கள். ஒற்றை இழை, மிக மெல்லிய 10 அல்லது 12-ஆம் எண் ஊசி. கிழிசலின் இரு விளிம்பையும் இழுத்து மூட முயன்றால் பக்கத்தில் புதுக்கிழிசல் விழும்.

போன பூ நூலைத் திரும்பப் போடுவதைவிட, மிச்சமிருப்பதைக் காப்பதுதான் முதல் வேலை. இதழ்கள் பிரிந்து நிற்கும் இடத்தில் அதே நிறச் சாயலுள்ள மெல்லிய நெட் துணியை மேலே போர்த்திச் சுற்றித் தைத்தால், இரண்டடி தூரத்தில் நெட் கண்ணுக்கே தெரியாது.

16. அம்மா பாதியில விட்டதை நான் முடிக்கலாமா?

முடிக்கலாம். ஆனால் பாதியில் நின்ற இடம் தெரியும்படியே, வரைந்த கோடுகளோடு சட்டமிடுவதுதான் எங்கள் விருப்பம். கடைசித் தையல் எங்கே நிற்கிறதென்று பார்க்கும்போது அந்தக் கை அங்கே இருக்கிறது.

முடிப்பதென்றால் நூலை முன்பக்கத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். பின்பக்கத்தில் வெளுக்காத அசல் நிறம் இருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் புதுப்பகுதி துருத்திக்கொண்டு நிற்கும். டி.எம்.சி. போன்ற நிறுவனங்களின் எம்பிராய்டரி நூல்கள் ஆறு இழை கொண்டவை. பழைய தையலில் எத்தனை இழை இருக்கிறதென்று ஊசிமுனையால் பிரித்து எண்ணி, அத்தனையே ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். நீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால் கோடு முழுக்கக் கரையும் வரை இஸ்திரி வேண்டாம், சூடு பட்டால் அது பழுப்பாகி நிலைத்துவிடும்.

17. பெரிய விரிப்பு ஒண்ணுதான் இருக்கு, நாங்க நாலு பேர். நாலா வெட்டிப் பங்கு போடலாமா?

துணி முழுசாகப் பலமாக இருந்தால் வெட்ட வேண்டாம். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வருஷம் இருக்கட்டும். நன்றாகப் படமெடுத்து பருத்தித் துணியில் அச்சிட்டால் நாலு பேருக்கும் நகல் கிடைக்கும். தினப்புழக்கத்துக்கு நகல், சுவருக்கு அசல் என்பது மிக நல்ல ஏற்பாடு.

நடுப்பகுதி இற்று, நாலு மூலைப் பூக்கள் மட்டும் நன்றாக இருந்தால் பிரிக்கலாம். வெட்டும் கோட்டின் இருபுறமும் 5 மி.மீ. தள்ளி, 2 மி.மீ. தையல் நீளத்தில் ஒரு வரி மெஷின் தையல் போட்டபின் நடுவில் வெட்டுங்கள். பூவைச் சுற்றி 5 செ.மீ. விடுவது, 9-ஆம் பதிலில் சொன்ன மடிப்புக்காக. வெட்டும் முன் முழு விரிப்பையும் அளவோடு படமெடுத்து, ஒவ்வொரு துண்டோடும் ஒரு பிரதி கொடுங்கள்.

18. ஜரிகை கறுத்திருக்கு, மணியும் சமிக்கியும் இருக்கு. அதை மட்டும் சுத்தம் பண்ண முடியுமா?

தூசி எடுப்பதோடு நிறுத்துங்கள். ஜரிகை என்பது நூலின் மேல் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. எலுமிச்சை, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதைத் தேய்த்தாலும் கறுப்போடு தகடும் போகும், உள்ளே இருக்கும் நூலும் அரிக்கும். வியர்வை உப்பு கறுப்பை அதிகமாக்கும் என்பதால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

சமிக்கியில் ஒரு முக்கிய எச்சரிக்கை. 1920, 1930-களில் ஜெலட்டினால் செய்த சமிக்கிகள் புழக்கத்தில் இருந்தன. அவை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், சூட்டில் உருகும்.

19. சின்னச் சின்ன ஓட்டையா இருக்கு, பூச்சின்னு நினைக்கிறேன். மத்ததுக்கும் பரவுமா?

பரவும், உடனே தனியாக எடுத்து வையுங்கள். கம்பளியையும் பட்டையும் அந்துப்பூச்சிப் புழு தின்னும், கஞ்சி போட்ட பருத்தியை வெள்ளிமீன் என்ற பூச்சி அரிக்கும். அதனால்தான் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி கூடாது. துணியை பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம், திறந்தால் குளிர்ந்த துணியின் மேல் நீர் கோக்கும். பிறகு 1-இல் சொன்னபடி வலை போட்டு உறிஞ்சுங்கள். நாப்தலின் உருண்டைகளைத் துணியோடு ஒட்டி வைக்காதீர்கள், அதன் ஆவி நமக்கும் ஆகாது.

20. எந்தச் சுவர்ல மாட்டினா ரொம்ப நாள் இருக்கும்?

வெயில் நேராகப் படாத, வெளிச்சுவராக இல்லாத, சமையலறையும் குளியலறையும் பக்கத்தில் இல்லாத சுவர். வெளிச்சத்தால் போன நிறம் எதனாலும் திரும்பாது, கொஞ்சம் கொஞ்சமாகப் படுவதும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை, வீட்டு ஜன்னலோரத்தில் அது பல மடங்கு இருக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும், ஆனால் முழுக் காப்பு ஆகாது. மூன்று நான்கு வேலைகள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாட்டுங்கள். ஓய்விலிருப்பதை மடிக்காமல், வெள்ளைத் துணி சுற்றிய உருளையில் பூ வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி வையுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் நூல்கள் நசுங்கிச் சுருக்கம் விழும்.

21. யார் போட்டதுன்னு எழுதி வைக்கணும். துணியில நேரா எழுதலாமா?

பூவேலைத் துணியில் எழுத வேண்டாம், பால்பாயிண்ட் மை ஒருநாள் ஊறி முன்பக்கம் வரும். 2 செ.மீ. அகல வெள்ளைப் பருத்தி நாடாவில் நிறமி மைப் பேனாவால் பெயர், உறவு, தெரிந்தால் வருஷம், எதிலிருந்து எடுத்தது (தலையணை உறை, விரிப்பு), நீங்கள் செய்த வேலை, அதன் தேதி எல்லாம் எழுதி, மை காய்ந்தபின் இஸ்திரி போடுங்கள். குஷனானால் உள் லைனிங்கில், சட்டமானால் போர்டின் பின்பக்கத் துணியில், நாலு மூலையிலும் ஒவ்வொரு தையல் போட்டு நிறுத்துங்கள். வேறு நிற நூலில் தைத்தால் பிறகு பிரிப்பவருக்கு எது நம் தையல், எது பூப்போட்டவரின் தையல் என்று தெரியும்.